ஹாஜியார் கேட்ட கடமான் கறி

ஊட்டி காந்தலில் கடமான் கறி ஆக்கத் தெரிந்தவர்கள் யார் என்று பேச்செடுத்தால் நாலைந்து பெயர் வரும். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் மட்டும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: நூருல்லா வீட்டு நபீசா. அந்தப் பேச்சு காதில் விழும்போது நபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்வாள். கர்வம் இல்லாமல் இல்லை. இருபத்தைந்து வருஷம் அடுப்படியில் கிடந்து சம்பாதித்த பெயர். கொஞ்சம் கர்வப்பட்டால்தான் என்ன?

பதினாறு வயதில் மேட்டுப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தவள். வந்த புதிதில் காட்டுக்கறியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. முதல் தடவை ஆட்டுக்கறி ஆக்குகிற மாதிரியே ஆக்கி இறக்கி வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் மென்று மென்று தாடை நொந்து பாதியில் எழுந்து போனார்கள். மாமியார் மிச்சத்தைப் பூனைக்குப் போட்டாள். பூனையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று. மாமியாரைக்கூட நபீசா பிற்காலத்தில் மன்னித்துவிட்டாள். அந்தப் பூனையை மன்னிக்கவில்லை.

யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டாள். கடமான் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி வளர்ந்த உடம்பு. கொழுப்பே கிடையாது, முழுக்க நார். அடுப்புக்கு மேலே ஒரு நாள் புகையில் தொங்கவிட்டால் கொஞ்சம் இளகும். நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். தயிரும், கீழேயிருந்து வரும் பப்பாளிக்காயும் போட்டுப் பிசைந்து ஊறவைக்க வேண்டும். சீகை விறகு நின்று எரியும். அந்தத் தீயில் மூன்று மணி நேரம், கரண்டியை அதிகம் போடாமல் விட வேண்டும். இத்தனைக்கும் முன்னால் கழுவுவது இருக்கிறது. சரியாக அறுத்து ரத்தம் இறங்கிய கறி மூன்றாவது தண்ணீரில் வெளுத்துவிடும். மூன்று தண்ணீர், அதற்கு மேல் தேவையில்லை. இதெல்லாம் அவள் கை தானாகக் கண்டுபிடித்த கணக்கு.

கறி அவள் வீட்டுக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். நூருல்லா ஊட்டி மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடையில் கத்தி பிடிப்பவர். தோட்டத்துத் துரைமார் பைக்காரா, கிளென்மார்கன் பக்கம் வேட்டைக்குப் போனால் அவரையும் கூட்டிப்போவார்கள். துப்பாக்கி துரையுடையது, கொம்பும் தோலும் துரையுடையவை, ஒரு தொடை பங்களாவுக்கு. மிச்சக் கறியைக் கூட வந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதில் நூருல்லாவின் பங்கு முஸ்லிம்களுக்கு ஆக வேண்டுமென்றால், விழுந்த மிருகத்துக்கு உயிர் இருக்கும்போதே ஒருவர் ஓடிப்போய் பிஸ்மி சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும். குண்டிலேயே செத்துவிட்டால் அது ஹராம், தொடக்கூடாது. ஆகவே வெடிச்சத்தம் கேட்டதும் நூருல்லா ஓடுவார். புல்மேட்டில் சறுக்கி, சோலைக்குள் புகுந்து, முள்ளைக் கிழித்துக்கொண்டு ஓடுவார். தலையைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டும் துரைக்குக் கழுத்துத்தோல் கிழிந்தால் கோபம் வரும். நூருல்லாவின் அறுப்போ சின்னதாக, சுத்தமாக இருக்கும். இருபது வருஷமாக வேறு ஆளைத் துரைமார் தேடவில்லை. ஊரில் அவருக்கு ‘ஓட்டக்கார நூருல்லா’ என்றே பெயர். அந்தப் பெயரை யாராவது சொன்னால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

கணவன் ஓடி அறுத்ததை மனைவி ஆக்கிப் போட்டாள். பெண்கள் இருவரையும் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருவர் மட்டும்தான். ஆனாலும் கடமான் வந்த அன்றைக்கு அந்தச் சின்ன வீட்டில் உட்கார இடம் இருக்காது.

பைக்காராவில் மின்சாரத்துக்காக ராட்சதக் குழாய்களை மலைச்சரிவில் இறக்கிக்கொண்டிருந்த வருஷம் அது. நபீசாவின் அண்ணன் முகமது யூசுப் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். அந்த வருஷம் மாசி மாதம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பம்பாயில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் தங்கை கையால் சாப்பிட்டுப் போக வேண்டும் என்று மலையேறி வந்தார். நபீசா கடமான் கறி ஆக்கிப்போட்டு, அழுதுகொண்டே வழியனுப்பினாள். கடல் தாண்டிப் போகிறவர் திரும்பி வருவது அல்லாஹ்வின் கையில்.

அவர் திரும்பி வந்தார். தாடி வெளுத்து, உடம்பு பாதியாகி, ஹாஜியாராக வந்தார். ஊரே பார்க்கப் போயிற்று. தங்கையிடம் அவர் சொன்ன முதல் பேச்சு இதுதான்: “நபீசா, அரபு நாட்டுல எல்லாங் கெடச்சுது. உன்ற கடமான் கறிதான் கெடைக்கல. வேட்டைத் தடை முடியட்டும், வர்றேன்.”

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். ஜும்மா தொழுகை முடிந்ததும் ஹாஜியார் வருவார். பள்ளிவாசல் ஹஜரத்தும், டவுனில் ஹாஜியாரின் சினேகிதர்கள் நான்கு பேரும் கூட வருவார்கள். புதன்கிழமை துரை வேட்டைக்குப் போனார். வியாழன் பொழுது சாய நூருல்லா கோணியில் சுற்றிய தொடையோடு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெளியே மழை. “நல்ல கடமானுங்களா?” என்று நபீசா கேட்டாள். “ம்” என்றார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நபீசா கறியை வெட்டி அண்டாவில் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள். முதல் தண்ணீர் சிவப்பு. அது வழக்கம்தான். இரண்டாவது தண்ணீரும் சிவப்பு. மூன்றாவது தண்ணீரை ஊற்றும்போது பிஸ்மி சொல்லி ஊற்றினாள். சிவப்பு. நாலாவது, ஐந்தாவது. எலும்பை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கட்டிக்கட்டியாகக் கறுப்பு ரத்தம் பிதுங்கி வந்தது. ஆறாவது தண்ணீரை ஊற்றிவிட்டு அண்டாவைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு அறுத்த மிருகத்தின் ரத்தம் துடித்து வெளியே போயிருக்கும். இதன் ரத்தம் உடம்பிலேயே நின்றிருந்தது.

இப்படி ஒரு தண்ணீரை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். அப்போது உறைபனிக் காலம். பனியில் ரத்தம் உள்ளேயே உறைந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இன்றைக்கு அந்தச் சமாதானமும் இல்லை. கார்த்திகை மழை, பனி விழ இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது.

நூருல்லா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க, இது அறுக்கும்போது உசிர் இருந்துச்சுங்களா?”

“இல்லாமயா கொண்டாந்தேன்?”

“தண்ணி வெளுக்கலீங்க.”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் காட்டினார். வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

“ஓட முடியல நபீசா. ஆனமட்டும் ஓடுனேன். சோலைக்குள்ள போய்ப் பாக்கறப்ப கண்ணு நின்னுபோச்சு. அத்தன பேரும் பின்னாலயே வர்றாங்க. உன்ற அண்ணன் வர்றாரு. கத்திய வெச்சு அறுத்துட்டு, ‘உசிர் இருந்துச்சு’ன்னு சொல்லிப்போட்டேன்.”

நபீசாவுக்குக் கோபம் வந்தது. நொண்டுகிற காலைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? கத்தவும் முடியவில்லை, தடவிக்கொடுக்கவும் முடியவில்லை.

“இந்த ஒருக்காத்தானுங்களா?” என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. “இத நான் ஆக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். “கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கறேன். நீங்க கடைக்குப் போயி இருக்கறத வாங்கிட்டு வாங்க.”

“உனக்கில்ல பேரு கெட்டுப்போகும்?”

“போகட்டும். உங்க பேரு நிக்கட்டும்.”

இதை அவள் தியாகம் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஓட்டக்காரர் என்ற பெயரை உருவிவிட்டால் இந்த மனிதரிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக் கடையில் ஏழு மணிக்கே நல்ல கறியெல்லாம் போய்விடும். நூருல்லா எலும்பும் கொஞ்சம் மார்க்கண்டமும்தான் கொண்டுவந்தார். நெய்ச்சோறும், எலும்பு போட்ட தால்ச்சாவும், முட்டையும் என்று முடிவாயிற்று.

அண்டாவில் ஆறு தண்ணீர் கண்ட கறி கிடந்தது. இங்கேதான் நபீசா தப்புப் பண்ணினாள். குழி தோண்டிப் புதைத்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷம் கறி ஆக்கின கைக்கு அதைக் குழியில் போட மனசு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தபித்தாள் வீடு. அவள் புருஷன் தனசிங் ஆபீஸ் பியூன், புரொட்டஸ்டண்ட் சர்ச்சுக்காரர்கள். அவர்களுக்கு இதில் தோஷம் ஒன்றும் கிடையாது. நபீசா பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

“என்னங்கக்கா, இவ்வளவுங்களா?” தபித்தாளுக்குக் கண் விரிந்தது. “உங்களுக்கு வேண்டாமுங்களா?”

“ஆளு கொறஞ்சுபோச்சு சாமி. பொழுது சாய ஆக்கு. இப்ப அடுப்புல வெக்காத, கேட்டியா?”

“சரிங்கக்கா.”

சரியென்று சொன்னவள் சொன்னபடி செய்யத்தான் நினைத்தாள். ஆனால் தனசிங் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். கடமான் கறியைப் பார்த்த ஆண்பிள்ளை பொழுது சாயும்வரை காத்திருப்பாரா?

ஜும்மா முடிந்து ஆறு பேரும் வந்தார்கள். ஹாஜியார் வாசலிலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தபடி வந்தார். உள்ளே பாய் விரித்து, நடுவில் பெரிய தட்டில் நெய்ச்சோறு வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். நபீசா கதவுக்குப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

“கறி கெட்டுப்போச்சுங்கண்ணா. கோணில சுத்தி வெச்சது புழுங்கிப்போச்சு. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”

ஹாஜியார் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு உரக்கச் சிரித்தார். “பாத்தீங்களா ஹஜரத், ஆறு மாசமா நாக்க நீட்டிட்டு இருக்கறேன். என்ற தங்கச்சி பருப்பு ஊத்தறா! வயசாயிப்போச்சு அம்மிணி உனக்கு. காந்தல் பூரா உன்ற கறியப் பேசுது, நீ ஒரு ராத்திரி பத்திரமா வெக்கத் தெரியாம விட்டுட்டே.” மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருவர், இனிமேல் கடமான் வந்தால் வேறு வீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று கேலி செய்தார். நபீசா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாங்கிக்கொள்வோம் என்றுதான் நினைத்திருந்தாள். தாங்க முடியவில்லை, கண் கலங்கிற்று. நூருல்லா தட்டில் கை வைத்தபடி சோற்றை எடுக்காமல் இருந்தார்.

முதல் கவளம் வாய்க்குப் போகும்போது சுவரைத் தாண்டி வாசம் வந்தது. இஞ்சி, மிளகு, காட்டுக்கறியின் கனத்த வாசம். ஒரு தடவை முகர்ந்த எந்த மூக்கையும் அது ஏமாற்றாது.

ஹாஜியார் கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“பக்கத்தூட்டுல என்ன வேகுது?”

நபீசாவின் கை கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது.

“கெட்டுப்போன கறியப் பக்கத்தூட்டுக்குக் குடுக்கறவ இல்ல என்ற தங்கச்சி,” என்றார் ஹாஜியார் மெதுவாக. “நல்ல கறிதான். அவங்களுக்கு ஆகும். நமக்கு ஆகாது. அப்படித்தானே?” பேசிக்கொண்டே அவர் நூருல்லாவின் பக்கம் திரும்பினார்.

நூருல்லா கையை உதறிக்கொண்டு எழுந்தார். முழங்கால் பிடிக்கவில்லை, சுவரைப் பிடித்து நின்றார். “அவ மேல தப்பில்லீங்க மச்சான். நான் போறதுக்குள்ள உசிர் போயிருச்சு. செத்ததத்தான் அறுத்தேன். எல்லாத்துகிட்டயும் பொய் சொன்னேன். அவ கழுவும்போது கண்டுபுடிச்சு ஆக்க மாட்டேன்னுட்டா.”

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷமாக அவர் கத்தியை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டவர்கள்.

“இதுதான் முதத்தடவையா?” ஹாஜியார் கேட்டார்.

நபீசா காலையில் கேட்காமல் விழுங்கிய கேள்வி. நூருல்லா அதற்கும் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஒரு பொய்யை இறக்கி வைத்தவருக்கு அடுத்ததைத் தூக்கத் தெம்பில்லை.

“ரெண்டாவதுங்க.”

“முந்தினது எப்ப?”

“மாசில.” தலை குனிந்தது. “நீங்க கப்பலுக்குப் பொறப்பட்டீங்களே, அன்னைக்கு விருந்துக்குங்க.”

தபித்தாள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஹாஜியாரின் முகம் வெளிறிவிட்டது. வயிற்றில் எதைச் சுமந்துகொண்டு தான் அந்தப் பயணம் புறப்பட்டோம் என்று அவர் நினைத்திருப்பார். கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

ஹஜரத் தொண்டையைச் செருமினார். “ஹாஜியாரே, தெரியாமச் சாப்பிட்டவங்க மேல குத்தம் கிடையாது. உங்க ஹஜ்ஜுக்கு ஒண்ணும் ஆகாது. தெரிஞ்சு குடுத்தவங்கதான் பதில் சொல்லணும்.”

“தெரிஞ்சு குடுத்தவங்க,” என்று ஹாஜியார் திருப்பிச் சொன்னார். பிறகு கதவைப் பார்த்தார். “நபீசா. மாசிலயும் நீதான கறி கழுவுனே?”

“அவளுக்குத் தெரியாதுங்க மச்சான்,” என்று நூருல்லா முந்திக்கொண்டார். “சத்தியமா அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆக்கியிருப்பாளா?”

இதைவிட நல்ல சாட்சி யாருக்கும் கிடைக்காது. நபீசா சும்மா இருந்திருந்தால் போதும். பனி உறைந்த மாதம், ரத்தம் உள்ளே நின்றுபோவது உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் எல்லாரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒன்பது மாதமாக அதைத்தான் அவள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நம்பினாளா என்று இப்போது தன்னையே கேட்டுப் பார்த்தாள். மாசி மாதம் எட்டுத் தண்ணீர் மாற்றியது நினைவு இருந்தது. எட்டாவது தண்ணீரை யாரும் பார்க்காமல் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டியதும் நினைவு இருந்தது. ஒன்றும் இல்லையென்றால் எதற்கு ஒளித்துக் கொட்டினாள்?

“தெரிஞ்சுதுங்கண்ணா,” என்றாள்.

நூருல்லா திரும்பி அவளைப் பார்த்தார்.

“தண்ணி வெளுக்கவே இல்ல. இவருகிட்டக் கேட்டா ஆமான்னு சொல்லிப்போடுவாரோன்னு பயமா இருந்துச்சு. நீங்க கெளம்பற நாளு. எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. கேக்காமயே ஆக்கிப் போட்டுட்டேன். பனின்னு நெனச்சுக்கிட்டேன். பனி இல்லீங்கண்ணா.”

ஹாஜியார் எழுந்தார். செம்பில் தண்ணீர் எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். தங்கையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நபீசாவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தார். சினேகிதர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். ஹஜரத் மட்டும் தயங்கி நின்று, “அல்லாஹ் மன்னிக்கிறவன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நெய்ச்சோறு சாப்பிட ஆளில்லாமல் அப்படியே ஆறியது.

அதன் பிறகு துரைமார் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். நூருல்லா மார்க்கெட்டில் கட்டையருகே உட்கார்ந்தபடி ஆட்டுக்கறி வெட்டிக்கொடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் பொய்யை ஒருவர் அறிந்த பிறகு சண்டைக்கு என்ன இருக்கிறது? காந்தலில் கடமான் கறி என்று பேச்செடுத்தால் இப்போது வேறு பெயர்கள் வந்தன.

நாலு வருஷம் கழித்து, சின்ன மகளுக்குப் பிள்ளை பிறந்த சமயம், ஹாஜியார் அந்த வீட்டுக்கு மறுபடியும் வந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தார். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார், மைத்துனரின் முழங்காலை விசாரித்தார், பேத்திக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டார். நபீசா டீ கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். மத்தியானமாகிவிட்டது. அடுப்பில் சோறு வெந்து தயாராக இருந்தது, குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து குடையைத் தேடினார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல நபீசா வாயைத் திறந்தாள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. அண்ணனிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. குடையை எடுத்துக் கொடுத்தாள்.